எழுபது வளைவும் ஒரு ஜோடியும்

விளக்கர்கள் என்று ஓர் இனம் உண்டு. தெரியுமல்லவா? ‘காப்பிக்குச் சர்க்கரை போதுமா?’ என்று கேட்டால் போதும். சர்க்கரை ஏன் கரைகிறது என்று ஆரம்பித்து, காப்பியில் ஆடை படியும்வரை விடமாட்டார்கள். கெட்டவர்கள் இல்லை, பாவம். வாய்தான் கெட்டது.

மலைமேலிருக்கும் திண்ணனூர் நாட்டுப் பையன் யுவராஜ் இந்த இனத்தில் உத்தமப் பிறவி. சென்னையில் பௌதிக ஆராய்ச்சி. 2007 பொங்கலுக்குப் புறப்பட்டவனிடம் அம்மா அத்தாயி போனிலேயே சொல்லியிருந்தாள்: “சுகுணாவும் அதே பஸ்ஸுலதான் வருது சாமி. உன்னையக் கட்டிக்கச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுரு. நாளைக்கு அவுங்கூட்டுல வேற எடத்துக்கு வாக்குக் குடுக்கறாங்க.”

ஒரே வார்த்தை. மலை ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஓர் எழுத்தாக உதிர்த்திருந்தால்கூட முடிந்திருக்கும். சுகுணா மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை வேறு. அந்தப் பெண்ணும் முதல் வளைவிலேயே சிரித்து, “ஏனுங்க, என்ன ஆராய்ச்சி பண்றீங்க?” என்றாளே, அங்கே பிடித்தது சனி.

“மீகடத்தின்னு ஒண்ணுங்க. அதுல கரண்டு தடையே இல்லாம ஓடும். எலக்ட்ரானெல்லாம் ஜோடி ஜோடியாப் போகும். அதைச் சாதா உலோகத்தோட ஒட்டவெச்சா, ஒட்டுன எல்லையில இந்த ஜோடிப் பழக்கம் அதுக்கும் தொத்திக்கும்!” என்று தொடங்கி, பஸ் இடப்பக்கம் சாய்ந்தபோது இவளிடமும் வலப்பக்கம் சாய்ந்தபோது ஜன்னலிடமுமாக, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்த முன்சீட்டுப் பெருமாயி என்ற அம்மாள் திரும்பி முறைத்ததையும் பொருட்படுத்தாமல், முப்பத்தொன்பது வளைவுகளைக் கடந்தான்.

நாற்பதாவதில் சுகுணா மெல்லச் சொன்னாள்: “நாளைக்கு எங்கூட்டுக்கு ஆளுங்க வாராங்க.”

“ஒரு நிமிசங்க! முக்கியமான எடமே இதுதான். அந்த எல்லையில விசித்திரமான ஜோடி ஒண்ணு உண்டாகுமுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல சேராது. ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி. ஆனாலும் ஜோடி!”

எழுபதும் முடிந்தது. அவள் ஊர் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நல்லாப் புரிஞ்சுதுங்க. நான் முந்தி எறங்கிக்கறேன். நீங்க கேக்க வேண்டியதைப் பிந்தி கேளுங்க, என் கலியாணத்துக்கு வந்து.”

யுவராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேராசிரியருக்கே மூன்று மாதம் பிடித்த விஷயமல்லவா?

“என்ன கண்ணு சொன்னா?” என்று வாசலிலேயே மறித்தாள் அத்தாயி.

“அவளுக்கு அப்படியே புரிஞ்சு போச்சும்மா!”

“அடப்பாவி, சம்மதமான்னு கேட்டியா?”

அப்போதுதான் அவன் பையைப் போட்டுவிட்டுத் திரும்பித் தெருவுக்கு ஓடினான். மலைமேல் அன்றைக்கு அதற்கப்புறம் பஸ்ஸும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், ‘முதல் வளைவிலேயே அவன் என்ன கேட்டிருக்க வேண்டும் தெரியுமா?’ என்று பக்கத்திலிருப்பவரிடம் ஆரம்பித்துவிட்டீர்களே, அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். கவனித்தீர்களா?