கண்மாய்க் கரையில் திரும்பிப்போன பரிசம்

உ
குன்றக்குடி சண்முகநாதன் துணை

பெரியேந்தல்,
பரிதாபி வருடம், தை மாதம் 20.

மரியாதைக்குரிய சம்பந்தி, ஆத்தங்குடி குருநாதன் அவர்கள் சமூகத்துக்குப் பெரியேந்தல் செம்மலை கைகூப்பி எழுதுவது. இவ்விடம் நானும் மீனம்மாளும் மகள் அழகியும் மாடு கன்றுகளும் கண்மாய்ப் பறவைகளும் நலம். அவ்விடம் தாங்களும் மாப்பிள்ளை நாகநாதனும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். அன்று கரையில் உரக்கப் பேசிய தங்கள் தங்கை நாகவல்லி அவர்களின் தொண்டைக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். "சம்பந்தி" என்று எழுதலாமா கூடாதா என்று மீனம்மாளிடம் கேட்டதற்கு, "பரிசம் பாதியில நின்னு போச்சு, அதனால பாதிச் சம்மந்தி. எழுதுங்க, கோவிச்சா கோவிக்கட்டும்" என்றாள். அந்தத் தைரியத்தில் எழுதியிருக்கிறேன்.

நடந்ததற்குப் பஞ்சாயத்து வைத்தால் பாதிக் குற்றம் என் பேனா மேல்தான் விழும். பொங்கலுக்கு முன்னால் உங்களுக்கு எழுதிய கடிதத்தில், "பரிசம் போட வரும்போது ஆடம்பரம் ஒன்றும் வேண்டாம், நாலு பேராக எளிமையாக வந்தால் போதும்" என்று எழுதினேன். மேளம் கூடாது, வேட்டுக் கூடாது, மைக்செட் கூடாது என்று பச்சையாக எழுதக் கை வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாருக்கு உத்தரவு போடுவதா என்று ஒரு கூச்சம். பந்தியில் உட்கார்ந்தவர் போதும் போதும் என்று கையை நீட்டி மறித்தால் இன்னும் ஒரு கரண்டி வைப்பதுதானே நம் பக்கத்து மரியாதை? நீங்களும் மரியாதை தெரிந்தவர், வைத்துவிட்டீர்கள். ஒரு செட்டு மேளத்தோடு வர இருந்தவர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, பாவம் செம்மலை இல்லாதப்பட்டவன் போலப் பேசுகிறானே, அவன் மனம் குளிரட்டும் என்று இரண்டு செட்டு மேளமும், வேட்டுக்காரரும், முன்வண்டியின் தலையில் உங்கள் ஊர் ஏகப்பனின் மைக்செட்டுக் குழாயும் கட்டிக்கொண்டு வந்தீர்களாம். பின்னால் உங்கள் வண்டிக்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்று காலையில் ஊரே கண்மாய்க் கரையில் நின்றது உங்களை வரவேற்கத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எண்ணம் கிடையாது. தூரத்தில் நாதசுரம் கேட்டது. கத்தி நிறுத்தலாம் என்றால் கத்துவதும் சத்தம்தான், ஆகவே ஆண்கள் அத்தனை பேரும் தோள் துண்டை எடுத்து வேண்டாம் வேண்டாம் என்று வீசினோம், உங்கள் மேளக்காரர்கள் அதைப் பார்த்து, அடடா என்ன உற்சாகமான ஊர் என்று இன்னும் ரெண்டு தட்டு ஓங்கித் தட்டினார்கள், நாங்கள் இன்னும் வேகமாக வீசினோம், அவர்கள் இன்னும் வேகமாகத் தட்டினார்கள், இதற்குள் வேட்டுக்காரர் கரைத் திருப்பத்தில், கண்மாய் நடுவிலுள்ள மண்திட்டுக்கு நேர் எதிரே, வேட்டுக் குழாயை நட்டுத் திரியில் நெருப்பை வைத்துவிட்டார். அங்கே கருவேல மரங்களில் குஞ்சும் முட்டையுமாக நாரைகள் உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் எல்லாம் விறைத்து நிற்க, மீனம்மாள் ஒருத்திதான் ஓடினாள், கையில் ஆலாத்தித் தட்டோடு. மாப்பிள்ளைக்குச் சுற்ற வேண்டிய ஆலாத்தி. அதை அப்படியே வேட்டின் தலையில் ஊற்றிவிட்டாள். புஸ் என்று ஒரு புகை, அவ்வளவுதான். அவள் சேலை முழுக்கச் சிவப்புத் தண்ணீர், பார்த்தவர்கள் வெட்டுக்குத்து என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் தங்கள் தங்கை வண்டியை விட்டு இறங்கினார்கள். "மாப்பிள்ளைக்குச் சுத்துற ஆலாத்திய வேட்டுக்கு ஊத்துறீகளே, இது என்ன ஊருங்கிறேன்? ஒரு குலவை இல்ல, ஒரு கொட்டு இல்ல, வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறீக. பரிசம் போட வந்தமா, துட்டிக்கு வந்தமா?" என்று கேட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் நான் வாயைத் திறந்தேன். "துட்டிக்கும் இங்க கொட்டுக் கிடையாது தாயி. போன மாசம் எங்க பெரியப்பாவையே சத்தமில்லாமத்தான் தூக்கிட்டுப் போனோம்" என்றேன். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் போன போக்கை நீங்களும் பார்த்தீர்கள். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். திருப்பிய இடமோ குறுகல். முன்வண்டிச் சக்கரம் சரிவில் இறங்கிவிட்டது, ஊரே இறங்கித் தூக்கிவிட்டோம், அதையும் ஒரு பேச்சு இல்லாமல் செய்ததால் ஏதோ பிணக்காரியம் செய்வதுபோல இருந்தது என்று தங்கை சொன்னார்களாம். அந்தக் குலுக்கலில் ஏகப்பனின் குழாய் கழன்று உருண்டு தண்ணீருக்குள் போய் நின்றது. அதை எடுக்க வேண்டுமானால் திட்டுப் பக்கம் இறங்க வேண்டும், பங்குனியில் குஞ்சுகள் பறக்கும்வரை அங்கே யாரும் இறங்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. இப்போது அதன்மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்து இறக்கையைக் காயப்போடுகிறது. உங்கள் பரிசத் தட்டும், சேலையும் வெற்றிலை பாக்குமாக, எங்கள் கரையிலேயே நின்றுவிட்டது. மீனம்மாள் அதைச் சாமி அறையில் வைத்திருக்கிறாள். வாங்கிக்கொண்டோம் என்று சொல்லவும் உரிமை இல்லை, திருப்பி அனுப்பவும் மனம் இல்லை.

இது என்ன கிறுக்கு ஊர் என்று நீங்கள் நினைப்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஊரும் எதிர்க்கரையில் இருக்கிற மேலக்கரையும் மடைத் தண்ணீருக்காக அரிவாள் தூக்கிய ஊர்கள். வருடா வருடம் கண்மாய் மரங்களை விறகுக்கு ஏலம் விட்டு விட்டு, ஒரு வருடம் பார்த்தால் மரமும் இல்லை, பறவையும் இல்லை. அது போனால் போகட்டும் என்றுதான் இருந்தோம். ஆனால் பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலில் விளைந்த நெல், பறவை போனபின் விளையவில்லை. கண்மாய் வறண்டு கிடந்த கோடையில் இரண்டு ஊரும் சேர்ந்து நடுவில் மண்ணைக் குவித்துத் திட்டுப் போட்டோம், கருவேலங்கன்று நட்டோம், இரண்டு ஊர்ப் பெண்களும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஏலம் எடுத்து வந்த செட்டியார் வீட்டுத் தேனம்மை ஆச்சி, இனி அந்த மரத்து விறகு தன் அடுப்பில் எரியாது என்று சொல்லிவிட்டார்கள். மரம் வளர்ந்தது. நாரை வந்தது, கொக்கு வந்தது, அரிவாள்மூக்கன் வந்தது. அரிவாளைத் தூக்கிய இரண்டு ஊரும் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

அதற்குப் பிறகு சின்னக்கருப்பு வீட்டுக் கல்யாணம். சின்னக்கருப்பு என் பக்கத்து வீட்டுக்காரர், தங்கமான மனிதர். மூத்த மகனுக்குத் தாலி கட்டுகிற நேரத்தில் வேட்டுப் போட்டார்கள். திட்டிலிருந்த பறவை அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பியது. எழும்பிய வேகத்தில் கூட்டிலிருந்த குஞ்சுகளும் முட்டைகளும் தண்ணீரில் கொட்டின. மீதியைக் காக்கையும் பருந்தும் எடுத்துக்கொண்டு போயின. கல்யாண வீட்டில் போட்ட இலை போட்டபடி கிடந்தது, யாரும் உட்காரவில்லை. என் அழகி அப்போது பாவாடை கட்டுகிற வயது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சுளகு நிறையக் குஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வைக்கோலில் வைத்து, பொழுது சாயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அன்றைக்குத்தான் இரண்டு ஊரும் கூடி, கண்மாய்ப் பக்கம் வேட்டும் கொட்டும் குலவையும் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. அதில் முதல் ஆளாக எழுந்து பேசியவன் நான். சின்னக்கருப்பின் இளைய மகன் கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்குப் பதில் துண்டைத்தான் தூக்கிக் காட்டினார்கள். பெண்கள் குலவையைத் தொண்டையிலேயே விழுங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் மகளுக்கு மட்டும் வேட்டுப் போட்டால் நான் சின்னக்கருப்பு முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆனால் என் மகள் வாழ்க்கையை ஒரு நாரைக்காகக் கெடுத்தேன் என்று பேர் வந்தாலும் என்னால் தாங்க முடியாது. சோறு இறங்கவில்லை சம்பந்தி. ஒரே பெண்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கல்யாணத்தைக் குன்றக்குடியில் முருகன் சந்நிதியில் வைத்துக்கொள்வோம். அங்கே நீங்கள் இரண்டு செட்டல்ல, நாலு செட்டு மேளம் கொண்டுவாருங்கள். வேட்டு எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். ஏகப்பன் மைக்செட்டில் தங்கள் தங்கையே பேசட்டும், நாங்கள் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் ஊரார் சந்தோஷமாக வருவார்கள், இத்தனை வருடமாக விழுங்கிய குலவையை எல்லாம் எங்கள் பெண்கள் அங்கே இறக்கி வைக்கட்டும். அழகிக்கும் இதில் முழுச் சம்மதம். மீதி எல்லாம் தங்கள் சித்தம். தாங்கள் சொல்கிற தேதி, தாங்கள் சொல்கிற இடம், தாங்கள் சொல்கிற சத்தம்.

தங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் குறைவின்றி எரியவும், தங்கள் பட்டறையில் வார்க்கிற பூப்போட்ட தரைக்கல் ஒன்றுகூட விரியாமல் இருக்கவும், தங்கள் கோபம் தை பிறந்ததோடு பிறந்து மாசிக்குள் தீரவும் சண்முகநாதனை வேண்டி, பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் கூறி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பாதிச் சம்பந்தி,
செம்மலை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை நாகநாதன் வந்து சேர்ந்தார். கரை முனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். மேடு பள்ளத்தில் மணி தானாகக் குலுங்கும் என்று அதைக் கைக்குட்டையால் சுற்றிக் கட்டியிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பா தட்டைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாக மாமா. அத்தை குழாயையும் எடுத்தாரச் சொன்னாக. குழாய்ல பறவை உக்காந்திருக்கு, நான் இறங்கல" என்றார். அழகி சாமி அறைக்குப் போய்த் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "கொண்டு போறதுன்னா கொண்டு போங்க. கல்யாணம்னா இந்தக் கரையிலதான். குன்றக்குடிக்கெல்லாம் நான் வரல" என்றாள். முழுச் சம்மதம் என்று மேலே எழுதினேனே, அதை நான் அவளிடம் கேட்டு எழுதவில்லை. மாப்பிள்ளை தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். முறைப்படி அதைக் கொடுக்க வேண்டியவர் நாகவல்லி அத்தை என்பது அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது. சின்னக்கருப்பு சாட்சி, அவர் துண்டைத் தூக்கிவிட்டார். மீனம்மாளுக்குக் குலவை வாய்வரை வந்துவிட்டது, நான்தான் பொத்தினேன். ஆக, பரிசம் போட்டாயிற்று, நான் இப்போது முழுச் சம்பந்தி. குன்றக்குடியைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். வருகிற முகூர்த்தத்தில் நீங்களும் தங்கையும் எங்கள் கரைக்கு வந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டும். மேளம் கூடாது, வேட்டுக் கூடாது, மைக்செட் கூடாது. ஆட்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். இதை நான் மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.