கழுதைக்குச் சிவந்த உதடு

மன்னார்.

அன்புள்ள தங்கச்சி கத்தரினுக்கு,

மடுமாதாவின் தயவால், முழங்கால் ஒன்றைத் தவிர, நான் முழுக்கச் சுகம். கனடாக் குளிரில் நீயும் பிள்ளைகளும் விறைக்காமல் இருக்கவும் அவவையே மன்றாடுகிறேன். இதைப் போனிலும் சொல்லலாம். ஆனால் நீ இடையில் புகுந்து கதைப்பாய். கடிதமென்றால் நான் முடிக்கும்வரை நீ வாய் திறக்க ஏலாது.

"உன்ர பேத்தி குசினியில காய்ச்சிறதை ஆரக்கா உதட்டில பூசப்போகினம்?" என்று போன மாதம் சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

ஜெனிற்றா செய்வது பீற்றூட்டும் பனங்கட்டியும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த உதட்டுப்பூச்சு. இறுகுவதற்குத் தேன்மெழுகு போடடி என்றேன். "அது தேனீயின்ர, அம்மம்மா" என்று ஏதோ செடியின் மெழுகைப் போட்டாள். பாலும் ஆகாது, நெய்யும் ஆகாது. சில இடங்களில் முயலைப் பிடித்து வைத்து, அதன் கண்ணில் பூச்சை விட்டு, எரிகிறதா என்று பார்ப்பார்களாம். எரிகிறதென்று முயல் எந்தப் பாசையில் சொல்லும்? ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அது அநியாயம் என்று விளங்குகிறது. அன்றிலிருந்து நானும் அவள் பக்கம். மீன்குழம்பை விடவில்லை, அது வேறு வழக்கு.

பட்டணத்தில் பெண்கள் கைத்தொழில் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் மேசைக்கு மேலே, "எந்த மிருகத்திலும் சோதிக்கப்படாதது" என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டாள். உப்புக்குளத்தில் மணப்பெண் அலங்காரம் செய்கிற றுமைஸா வருவதாக இருந்தது. அவ எங்கள் பூச்சை வாங்க ஒத்துக்கொண்டால் பிள்ளை இங்கேயே தொழிலோடு இருப்பாள், இல்லாவிட்டால் கொழும்பில் கடை வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அவளுடைய தகப்பன் முடிவாகச் சொல்லியிருந்தான். எனக்கு இரவில் நித்திரையே இல்லை.

றுமைஸா வந்து, கதிரையில் இருந்து, ஒரு டப்பியைத் திறந்து மணந்து பார்க்கிற நேரம், தெருவில் திரிகிற கழுதைகளில் ஒன்று உள்ளே வந்தது. கேக் மேசையைத் தாண்டி, பலகார மேசையைத் தாண்டி, நேரே எங்களிடம் வந்து, மாதிரிக்கு வைத்த தட்டை வழித்து நக்கியது. தலையைத் தூக்கினால், உதடு இரண்டும் கலியாணப் பொம்பிளை மாதிரிச் சிவப்பு. சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஜெனிற்றா அழவில்லை. பேனையை எடுத்துப் பலகையில் எழுதியதைக் குறுக்கே வெட்டினாள்.

"என்னடி செய்யிறாய்?"

"மிருகத்தில பட்டிட்டுது அம்மம்மா. இனி இது பொய்."

"அது சோதினை இல்லையடி, களவு."

றுமைஸா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. பிறகு சொன்னா: "கழுதை களவா நக்கினதுக்கே பலகையை வெட்டுற ஆள் நீங்க மகள். டப்பிக்குள்ள என்ன கிடக்கெண்டு நீங்க சொன்னா நான் நம்பலாம். இனி என்ர பொம்பிளையளுக்கெல்லாம் நீங்கதான் தரவேணும்."

அதோடு முடிந்ததா? கழுதை சிவந்த உதட்டோடு பஸ் ஸ்ராண்ட், மீன்சந்தை எல்லாம் உலாத்தியது. கண்டவர்களெல்லாம் விசாரித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்கள். நீ அனுப்பிய உதட்டுச்சாயம் ஒரு வாய் தேத்தண்ணியோடு போய்விடும். இது, கழுதை வயிறு முட்டத் தண்ணீர் குடித்தும் போகவில்லை. பின்னேரம் மேசையில் ஒரு டப்பியும் மிச்சமில்லை. பிள்ளை கொழும்புக்குப் போகவில்லை. இப்போது சிரி பார்ப்போம்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். உன்னையும் உன் நாக்கையும் மாதா காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
பெற்றிசியா

பி.கு.: இதை வாசித்ததும் கிழித்துப்போடு. அந்தக் கழுதை எப்படி நேரே எங்கள் மேசைக்கு வந்தது என்று எல்லாரும் அதிசயப்படுகிறார்கள். அது எங்கள் படலையடியில் நிற்கிறதுதான். பேத்தி உதட்டில் பூசுவதற்கு முதல் எரியுமோ என்று யாராவது பார்க்க வேண்டாமா? என் உதட்டில் பூசிக்கொண்டு பூசைக்குப் போனால் பாதர் என்ன நினைப்பார்? அதனால் கண்காட்சிக்கு முந்திய கிழமை முழுக்க, ஜெனிற்றா இல்லாத நேரம் பார்த்து, வெளியே தெரியாமல் அதன் உதட்டின் உட்பக்கத்தில்தான் நாளுக்கு ஒரு விரல் பூசி வந்தேன். எரியவில்லை. எரிந்திருந்தால் உதைத்துச் சொல்லியிருக்கும், அது முயல் இல்லையே.