சிவப்பு நாற்காலியில் எதிர்க்கட்சியம்மா

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வில்லியனூரில் ஓர் உரக்கடையின் பக்கவாட்டு மாடிப்படியில் நான் முதலில் பார்த்தது, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி இறங்கி வந்த ஒரு பெண்ணை. மேலே, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கோட்டு போட்ட ஓர் அம்மாள் அவரைப் பார்த்துக் கத்தினார்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடு செல்வராணி. இன்னும் பாதிகூடத் திட்டல!"

அழுதவர் கட்சிக்காரர். கத்தியவர் அவருடைய வக்கீல்.

எதிராளியைத் திட்டுகிற வக்கீல்களை எல்லோரும் பார்த்திருப்போம். எதிராளியோடு திரைமறைவில் கைகோத்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்போம். எதிராளிக்காகப் பட்டப்பகலில், ஊரறிய, அதுவும் சொந்தக் கட்சிக்காரரின் சம்மதத்தோடு மாடாய் உழைத்த வக்கீல் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். கோர்ட்டில் எதிர்த்தரப்பைப் பழைய ஆட்கள் எதிர்க்கட்சி என்பார்கள். அதனால் இவருக்குக் கட்சிக்காரர்கள் வைத்த பெயர் எதிர்க்கட்சியம்மா. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உரக்கடைக்காரருக்கே தெரியாது.

மாடியில் இயங்கியது ஒரு சிறிய அறக்கட்டளை. அரசமைப்புச் சட்டத்தில் எழுதியிருக்கும் வரிக்கு, இன்றைக்கு இந்தத் தெருவில் வாழும் மனிதர் விஷயத்தில் என்ன பொருள் என்று நீதிமன்றத்தில் கேட்டு வாங்குவது அதன் வேலை. விவாகரத்து, வரப்புத் தகராறு, செக் மோசடி எதையும் தொடமாட்டார்கள். கட்டணமும் கிடையாது. எதிர்க்கட்சியம்மாவும் ஆரோக்கியராஜ் என்ற ஜூனியரும்தான் மொத்தப் படை. மாலைப் பத்திரிகை ஒன்றுக்கு அந்தப் பகுதிச் செய்திகளைத் தந்துகொண்டிருந்த நான், அரைப்பக்கக் கட்டுரை எழுதலாம் என்று போனேன். கட்டுரை வந்த பிறகும் போவதை நிறுத்த முடியவில்லை.

அந்த அறையில் இரண்டு நாற்காலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரநாற்காலியில் அம்மா நம்முடைய வக்கீலாக உட்காருவார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் எதிர்த்தரப்பு வக்கீலாக உட்காருவார். சிவப்பில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு நம்மைத் தெரியாது. குரல் மாறும், பார்வை மாறும், கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கும். பொய் சொல்கிறாய், ஆதாரம் எங்கே, இதைக் கேட்க நீ யார் என்று எதிரே இருப்பவரைக் குதறி எடுப்பார். அந்த நாற்காலிக்கு முன்னால் அழுது முடித்தவர்கள் பிறகு எந்தக் கோர்ட்டிலும் அழுததில்லை.

ஒருநாள் மதியம் அவர் சிவப்பில் இருக்கும்போதே ஆரோக்கியராஜ் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அம்மா கொண்டுவரும் மீன் குழம்பு எப்போதும் பொது. பழக்கத்தில் கையை நீட்டினார்.

"யாருப்பா நீ?"

"மேடம், நான் ஆரோக்கியராஜ்."

"மனுதாரர் தரப்பு ஜூனியர்தானே? உனக்கு நான் எதுக்கு மீன் தரணும்?"

"பசிக்குது மேடம்."

"வாய்தா வாங்கிக்க."

விவாதம் முடிந்து மரநாற்காலிக்கு மாறியதும் அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். "இன்னாடா, இன்னும் சாப்பிடலியா? நடுத்துண்டு உனக்குன்னுதானே எடுத்து வச்சேன்!"

செல்வராணியின் வழக்குக்கு வருகிறேன். சங்கராபரணி ஆற்றங்கரையில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே கோயில் நிலத்தில் ஒரு சமுதாயக்கூடம். கட்டியதில் ஒரு பங்கு கொம்யூன் பஞ்சாயத்துப் பணம். வெள்ளையடிப்பதும் கரண்டு பில் கட்டுவதும் கொம்யூன்தான். சாவி மட்டும் கோயில் தர்மகர்த்தாவிடம். ஊர்த் தெருக்காரர்களின் கல்யாணம், மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் கூடம் திறக்கும். காலனிக்காரர்களுக்குத் திறந்ததே இல்லை. மதகடிப்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த செல்வராணி, மூத்த மகள் சங்கீதாவின் கல்யாணத்துக்குத் தேதி வைத்துவிட்டுக் கூடம் கேட்டார். சாவி தொலைந்துவிட்டது என்றார்கள். அடுத்த வாரமே ஊர்த் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. சாவி கிடைத்துவிட்டது.

உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். தர்மகர்த்தா தரப்பிலிருந்து வந்த பதில் மனுவில், இது எங்கள் ஊர் வழக்கம், இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதைத் தவிர ஒன்றுமில்லை. ஆரோக்கியராஜ் துள்ளினார்.

"ஊதித் தள்ளிடலாம் மேடம். கல்யாணத்துக்கு முன்னாடி சாவி கைல!"

அம்மா இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். "இவ்ளோ மட்டமான ஒரு வாதத்தத் தோற்கடிச்சு இன்னாடா ஆவப்போவுது?"

செல்வராணியை அழைத்து, மரநாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"இவங்க வக்கீல் சரியா எழுதலம்மா. நிலம் கோயிலோடது, கூடம் சாமி காரியத்துக்கு, மத அமைப்பு தன் காரியத்தத் தானே பாத்துக்க அரசமைப்புச் சட்டத்துலயே உரிமை இருக்குதுன்னு அடிச்சா நாம ஆடிப்போயிடுவோம். இவங்க அதச் சொல்லல. நாம ஜெயிச்சுடுவோம். நாளைக்கு வேற ஊர்ல ஒரு கெட்டிக்காரன் அதச் சொல்லுவான். அப்ப உன் தீர்ப்பு அந்த ஜனங்களுக்கு உதவாது."

"அதுக்கு இன்னா மேடம் பண்ணணும்ன்ற?"

"அந்த வாதத்த நானே எழுதி அவங்க கைல குடுக்கறேன். அதையும் ஜெயிச்சுட்டா அப்புறம் எவனும் வாயத் தொறக்க முடியாது."

ஆரோக்கியராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தோத்துட்டா?" என்றார் செல்வராணி.

"கூடம் போச்சு. ஜெயிச்சாலும் லேட்டாவும். கல்யாணத் தேதி தாண்டிடும். இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லு, இந்தப் பேச்ச விட்டுடறேன். கேஸு உன்னுது, என்னுது இல்ல."

செல்வராணி திருப்பிக் கேட்டார்.

"சின்னவ பத்தாவது படிக்கிறா. அவ கல்யாணத்துக்கும் நான் வந்து உன்கிட்ட திட்டு வாங்கணுமா?"

"வாங்க வேண்டியிருக்கலாம்."

"அப்ப ஒரே வாட்டியா முடிச்சுடு."

அம்மா அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார். மறுநாள் சங்கீதாவே வந்தாள். "எங்கம்மா சொன்னதுதான் மேடம்" என்றாள். நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

எதிராளியை வக்கீல் நேராகப் போய்ப் பார்ப்பது முறையில்லை. அதனால் அம்மா தர்மகர்த்தாவின் வக்கீலைத் தேடிப் போனார். ஆரோக்கியராஜும் நானும் பின்னால் போனோம். ஒரு பேக்கரியின் மாடியில் அவர் அலுவலகம். தர்மகர்த்தாவும் அங்கேயே உட்கார்ந்து பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வக்கீல் காகிதங்களைப் படித்தார். திருப்பிப் படித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், இதுல எங்க குண்டு வச்சிருக்கீங்க?"

"குண்டெல்லாம் இல்ல சார். நீங்க எழுதினது நல்லா இல்ல. இது நல்லா இருக்கு."

தர்மகர்த்தா வக்கீலைப் பார்த்தார். "இன்னாபா சொல்லுது இந்தம்மா? சமாதானமா?"

"இல்லீங்க. நாம ஜெயிக்க வழி சொல்றாங்க."

"நம்ம மேல கேஸ் போட்டது யாரு?"

"இவங்கதான்."

"அப்ப நம்ம கேஸ நடத்தறது?"

வக்கீல் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் இவங்கதான் போலிருக்குங்க."

பாதி பப்ஸ் தட்டிலேயே கிடந்தது. காகிதம் வக்கீலின் மேஜை இழுப்பறைக்குள் போனது.

அதுவரை எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதற்குப் பிறகு பயமாக இருந்தது. புதிய பதில் மனு தாக்கலானது. அம்மா சிவப்பில் உட்கார்ந்து அதை வாதாடினார், மரத்துக்கு மாறிப் பதில் தேடினார். கிடைக்கவில்லை. கொம்யூன் பணம் வாங்கியிருக்கிறீர்களே என்று மரம் கேட்டது. திருவிழாவுக்கு ரோடு போட்டுக் கொடுத்தால்கூட அரசுப் பணம்தான், அதற்காகச் சாமி இடம் சந்தையாகிவிடுமா என்று சிவப்பு திருப்பிக் கேட்டது. நாள் முழுக்க நாற்காலி மாற்றி நாற்காலி. இரண்டு பெண்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து உரக்கடைக்காரர் விலக்கிவிட ஏறி வந்தார். ஒருவரைத்தான் கண்டார். விஷயம் தெரிந்ததும், "யாரும்மா ஜெயிக்கிறாங்க?" என்றார்.

"அதுதான்" என்று சிவப்பு நாற்காலியைக் காட்டினார் அம்மா. சிரிக்கவில்லை.

ஆரோக்கியராஜ் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "சார், எழுதிக் குடுத்துட்டு பதில் தெரியாம முழிக்கிறோம்னு பேப்பர்ல போட்டுடாதீங்க."

இரண்டு வாரம் இப்படிப் போனது. அம்மா இளைத்துவிட்டார். ஒரு காலையில் கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். செல்வராணியைக் கூட்டிக்கொண்டு போனோம். கதவில் பூட்டு. உள்ளே போக முடியாததால் அம்மா கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், சதுரக் கட்டத்துக்குள் ஓர் எண் எழுதியிருந்தது. வெயிலில் பாதி வெளுத்துப் போயிருந்தது. அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"இது பூத்தா?"

"ஆமா" என்றார் செல்வராணி.

"காலனிக்கும் இங்கதான் ஓட்டா?"

"வேற எங்க போவோம்?"

"தனி லைனா?"

"ஆம்பளைங்க ஒரு லைனு, பொம்பளைங்க ஒரு லைனு. வேற இன்னா லைனு?"

தேர்தல் காலத்தில் இப்படிப்பட்ட வாக்குச்சாவடிகளைச் சுற்றி வந்து செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். அந்த எண் என் கண்ணிலும் பட்டது. சுவரில் ஏதோ மை என்று தாண்டிப் போய்விட்டேன். அம்மா அதை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சாமி இடம்னா அன்னிக்கும் சாமி இடந்தானே? ஓட்டு மெஷினு வந்தா எல்லாருக்கும் கதவு தொறக்குது. பந்தி இலை வந்தா மட்டும் சாவி தொலையுதா?"

அங்கே நின்றபடியே எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் போட்டார். "சார், என் பதில் கிடைச்சுடுச்சு. எழுதிக்குங்க." சொன்னார். பிறகு, "தேர்தல் அன்னிக்கு அரசாங்கம் தற்காலிகமா எடுத்துக்கிது, மறுநாள் திருப்பித் தந்துடுதுன்னு நீங்க மடக்கலாம். கொம்யூனும் வருஷம் முழுக்கத்தானே கரண்டு பில் கட்டுதுன்னு நான் திருப்புவேன். அதுக்கும் ஒண்ணு யோசிச்சு வைங்க" என்றார்.

"எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா நான் இன்னா மேடம் பண்றது?"

"நல்லா சத்தமாப் பேசுங்க. உங்களுக்குக் குரல் நல்லா இருக்கு."

வாய்தாவுக்கு மேல் வாய்தா. கல்யாணத் தேதி வந்துவிட்டது. காலனித் தெருவிலேயே பந்தல் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் கூடத்தின் பூட்டிய கதவு தெரியும். தாலி கட்டுகிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. பந்தலில் தண்ணீர் தேங்கித் தொங்க, ஆரோக்கியராஜும் மாப்பிள்ளையின் மாமன்களும் கம்பால் முட்டி முட்டித் தள்ளினார்கள். இலையில் ரசம் எது, மழை எது என்று தெரியவில்லை. அம்மா நனைந்த பட்டுப்புடவையோடு செல்வராணியின் முன்னால் போய் நின்றார்.

"என்னாலதான் இது."

"சாப்ட்டியா மொதல்ல?" என்றார் செல்வராணி. "போய் உக்காரு. கேஸு பேச வேற நாளு இருக்குது."

சென்னையில் இறுதி விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் அம்மா எழுதிய வாதத்தை அந்த நல்ல குரலில் அடுக்கினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வாதம் மிகச் சிறப்பாக இருந்தது என்று பாராட்டவும் செய்தார். வக்கீல் தலைகுனிந்து நன்றி சொன்னார். எங்கள் பக்கத்தில் அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

செல்வராணி என் பக்கம் சாய்ந்தார். "இன்னா சார் இது? ஜட்ஜு அவங்கள மெச்சிக்கிறாரு, இது பல்லக் காட்டுது?"

பிறகு அம்மா எழுந்தார். சுவரின் புகைப்படத்தைக் கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை, கையை ஆட்டவில்லை. நீதிபதி கேட்ட கேள்வி ஒவ்வொன்றையும் சிவப்பு நாற்காலி எப்போதோ கேட்டிருந்தது, இன்னும் கடுமையாக. பொதுப்பணத்தில் பராமரிக்கும் இடம் என்று சட்டம் எழுதிய அந்தச் சில சொற்களைப் பிரித்து வைத்து, அவற்றுக்குள் அந்தக் கூடத்தையும், அதன் கதவையும், மழையில் நின்ற ஒரு பந்தியையும் கொண்டுவந்து வைத்தார். தங்கள் வழக்குக்காகக் காத்திருந்த மற்ற வக்கீல்கள் காகிதக் கட்டுகளை மூடிவிட்டுக் கேட்டார்கள். பல வருஷம் கோர்ட்டுச் செய்தி எழுதியிருக்கிறேன். அன்று குறிப்பெடுக்க மறந்துவிட்டேன்.

தீர்ப்பு, கோயில் நிலம் என்ற வாதத்தைப் பத்தி பத்தியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கடைசியில் தள்ளுபடி செய்தது. கொஞ்ச நாள் கழித்துப் பாகூர்ப் பக்கம் ஓர் ஊரில் இதே பேச்சு கிளம்பியது. அங்கே கோயில் தரப்பு வக்கீலே அந்தப் பத்திகளைப் படித்துக் காட்டித் தன் கட்சிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கதவு வழக்கில்லாமலே திறந்தது.

செல்வராணியின் ஊரில் கூடத்துச் சாவியை இப்போது கொம்யூன் அலுவலகத்தில் வாங்க வேண்டும். காலனியிலிருந்து முதலில் போய் வாங்கியவர் செல்வராணி. சங்கீதாவுக்கு அது ஏழாவது மாதம். வளைகாப்பு அந்தக் கூடத்தில் நடந்தது.