அந்தமானின் ஆஜர் புத்தகம்

பொதுமக்களிடமிருந்து வரும் மனுவுக்கு மூன்று நாளுக்குள் ஒப்புகைச் சீட்டும், முப்பது நாளுக்குள் பதிலும் தரவேண்டும் என்பது விதி. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, அதன்மேல் டீ டம்ளரை வைத்துக் குடித்தவர்கள் பலரை அறிவேன். அது மீறப்பட்டதற்காக அலுவலக வாசலில் மண்ணை வாரித் தூற்றியவர்களையும் அறிவேன். ஆனால், "முருகா, இந்த விதியை மட்டும் எவனும் கடைப்பிடிக்காமல் பார்த்துக்கோ" என்று திருத்தணி மலையேறி மொட்டைக்கு வேண்டிக்கொண்ட ஒரே இந்தியக் குடிமகன் அந்தமான்தான்.

எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க மின்சார ரயிலில் சென்னைக்குப் போகவேண்டும். இருந்தும் எங்களுக்கு ஒரு தீவு உண்டு. ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியின் நடுவில் ஒரு மண்திட்டு. அதில் நாட்டுக் கருவேலமும், கடம்பும், நொச்சிப் புதரும், அவற்றின்மேல் பறவைகளும், பறவைகள் வெள்ளையடித்த கிளைகளும். அந்த ஏரியின் லஸ்கர்தான் நம் ஆள். லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடும் கடைநிலை ஊழியர். மதகு வருடத்தில் சில நாள்தான் திறக்கும். மற்ற நாள்களில் மற்ற லஸ்கர்கள் என்ன செய்வார்கள் என்று நான் எழுதினால் சங்கத்திலிருந்து வருவார்கள். இவர் மட்டும் விடிந்ததும் ஒரு லாரி டியூபின்மேல் பலகையைக் கட்டி, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தீவுக்குப் போய்விடுவார். கரையோர டீக்கடைக்காரர் வைத்த பெயர் அந்தமான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஓய்வுக்குப் பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். ஏரிக்கரையில் நடந்தேன். ஒரு நாள் காலை, தீவிலிருந்து டியூபில் திரும்பிய அந்தமான், ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, தடியான ஒரு புத்தகத்தைப் பிரித்து எழுத ஆரம்பித்தார்.

"என்ன அது?"

"ஆஜர் புக்கு சார். ஆபீஸ்ல பழைய பேப்பர்காரனுக்குப் போட வெச்சிருந்தாங்க. நான் எட்த்துக்கினேன்."

எட்டிப் பார்த்தேன். ஊழியர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் கூட்டின் எண், பதவி என்ற இடத்தில் பறவை, பணியிடம் என்ற இடத்தில் மரம். 'ஏழு, கூழைக்கடா, கடம்பு, பெரியவர் இரண்டு, குஞ்சு இரண்டு, ஆஜர்.' பக்கம் பக்கமாக இப்படியே. ஓர் அரசு வருகைப் பதிவேட்டை இவ்வளவு நாணயமாக எழுதி என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

"பதினொண்ணாம் நம்பர் வக்கா மூணு நாளா வரல சார். மெமோ குடுத்துடலாமா?"

"எடுத்ததும் மெமோ கொடுக்க முடியாது. முதலில் விளக்கம் கேட்கவேண்டும். அதற்கு அவகாசம் தரவேண்டும்" என்றேன், கிண்டலாக.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் கரையில் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கத்தினார். "வந்துட்ச்சி சார்! விளக்கம் திருப்தி!"

அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் எனக்கு அங்கே வேலை. வேலை என்றால், அவர் செய்வது எல்லாமே நடைமுறைக்கு விரோதம் என்று எடுத்துச் சொல்வது.

உதாரணத்துக்குச் சீமைக் கருவேலம். அதன் கன்று தீவில் எங்கே தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்கிக் கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் அடுக்கிவிடுவார். "ஆக்கிரமிப்பை அகற்றுவதாக இருந்தாலும் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும் ஐயா" என்றேன். "குடுத்தா அதுக்குள்ள மரமாப் பூடும் சார்" என்றார். வருவாய்த் துறையின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

அந்த விதை ஆட்டுப் புழுக்கையில் வருகிறது என்று கண்டுபிடித்ததும் விஷயம் முற்றியது. தண்ணீர் குறையும் காலத்தில் ஆடுகள் தீவுக்கு நடந்தே போய்விடும். இவர் ஒரு கோணிப்பையோடு ஆடுகளின் பின்னாலேயே போய்ப் பொறுக்க ஆரம்பித்தார். ஆடுகளுக்குச் சொந்தக்காரியான அம்மா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"ஏன் நைனா, என் ஆடு புழுக்க போடறதுக்குக் கூட உன்னாண்ட கையெழுத்து வாங்கணுமா?"

"போடட்டும்மா. கரையில போடட்டும். தீவுல போட வேணான்னுதான் சொல்றன்."

"அத்த நீயே அதுங்களாண்ட சொல்லு. நான் சொன்னா கேக்காதுங்க."

சொன்னார். ஒவ்வோர் ஆட்டின் முன்னாலும் குனிந்து சொன்னார். நான் சாட்சி.

இன்னொன்று கல்யாணம். முகூர்த்த நாளில் எங்கள் ஊரில் மாப்பிள்ளைகளைவிட மண்டபங்கள் அதிகம் என்று தோன்றும். ஏரிப் பக்கம் ஓர் ஊர்வலத்தில் சரவெடி வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "குஞ்சு கூட்டுலேர்ந்து விழுந்துடுங்க" என்று கெஞ்சுவதற்கு ஆஜர் புத்தகத்தோடு ஓடினார். பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று நினைத்து மாலை போட்டு அழைத்துப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்தார்கள். தாய்மாமன் சொல்லை மீற முடியாமல் வெடியை மண்டபத்துக்குப் பின்பக்கம் வைத்தார்கள். இவர் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு, மணமக்களை ஆசீர்வதித்துவிட்டு வந்தார். ஆள்மாறாட்டம் எந்தப் பிரிவில் வரும் என்று சொல்லிப் பயமுறுத்தினேன். "பாயசம் நல்லா இருந்துச்சி சார்" என்றார்.

அதற்கு அடுத்த வருடம் பங்குனியில்தான் வினை வந்தது. ஏரிகளில் உள்ள சீமைக் கருவேல மரங்களை ஏலம் விட்டு அகற்ற ஆணை. நல்ல ஆணைதான். மரங்களை எண்ண வந்தவரும் நல்லவர்தான். ஆனால் வெயில். குடை பிடித்துக் கரையில் நின்றபடி, இளநீர் குடித்துக்கொண்டே தீவை எண்ணினார். டியூபில் ஏறி வரும்படி அந்தமான் கூப்பிட்டதற்கு, "எனக்கு நீச்சல் தெரியாதுய்யா" என்று பதில் வந்தது. கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை, எல்லாம் முள். தீவில் இருந்த அத்தனை மரமும் சீமைக் கருவேலம் என்று பட்டியலில் ஏறிவிட்டது. கடம்பு உட்பட.

ஏலம் எடுத்தவர் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்கு ஒப்பந்தக்காரர். தங்கமான மனுஷன். தண்ணீர் இறங்கட்டும், லாரி போகும் அளவுக்குச் சேறு காயட்டும் என்று காத்திருந்தார். கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. ஏழாம் எண் கூழைக்கடா முந்தைய முட்டைகளைக் காற்றுக்குப் பறிகொடுத்து, தாமதமாக மறுபடி வைத்துப் பொரித்திருந்தது. அவை பறக்க ஆனி கடைசி ஆகும் என்பது அந்தமானின் கணக்கு. சேறோ சித்திரையில் காய்ந்துவிடும்.

அவர் தானே ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். அனுப்புநர்: ஏழாம் நம்பர்க் கூடு.

"பறவை மனுப் போட முடியாது" என்றேன்.

"அதுங்க எடந்தான சார்?"

"பட்டா இருக்கிறதா?"

மனுவை நீட்டியபடி தீவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறர் மனுவைத் திருப்புவதே தொழிலாக இருந்தவன் முன்னால் வந்து இப்படி நின்றால் என்ன செய்வது? பேனாவை வாங்கினேன்.

இங்கேதான் படிப்பு வேண்டும். 'தயவுசெய்து வெட்டாதீர்கள்' என்று எழுதினால், ஆணை போட்டாகிவிட்டது என்று மறுநாளே பதில் வரும். ஆகவே நான் கெஞ்சவில்லை. ஒரு சந்தேகம் கேட்டேன். தண்ணீர் ஓர் அலுவலகத்துக்குச் சொந்தம், மண் இன்னொன்றுக்கு, மரம் வேறொன்றுக்கு, பறவை மற்றொன்றுக்கு. அப்படியானால் தண்ணீருக்கு நடுவே மண்ணில் நிற்கும் மரத்தின்மேல் இருக்கும் பறவையைப் பற்றி முடிவெடுக்கத் தகுந்த அதிகாரி யார்? நான்கு அலுவலகத்துக்கும் நகல். அந்தமான் கையெழுத்துப் போட்டார்.

மனு ஊர்வலம் கிளம்பியது. ஓர் அலுவலகம் இன்னொன்றின் கருத்துரையைக் கேட்டது. அது மூன்றாவதைக் கேட்டது. மூன்றாவது, வரைபடம் இணைக்கப்படவில்லை என்று திருப்பியது. சித்திரை போயிற்று. சேறு காய்ந்தது. ஒப்பந்தக்காரர் வாரம் ஒரு முறை வந்து கரையில் லாரியை நிறுத்திவிட்டு, தீவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்.

"ஆர்டர் என் கையில கீது பாவா" என்றார் அந்தமானிடம். "ஆனா பைல் நடந்துகினு இருக்குதாமே. பைல் நடக்கசொல்ல கத்தி வெச்சா, நாளைக்கு எல்லாரும் சேந்து என் மேல எழுதிடுவாங்க. பதில் வரட்டும்."

"ஆங், வரட்டும் பாவா. மெதுவா வரட்டும்" என்று சொல்லி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார் அந்தமான்.

வைகாசியில் எங்களுக்குக் கெட்ட காலம் பிறந்தது. சம்பந்தப்பட்ட பிரிவுக்கு ஒரு சுறுசுறுப்பான உதவியாளர் மாறுதலாகி வந்தார். அம்மையார்குப்பத்துப் பெண். நெசவுக் குடும்பம். இழை அறுந்தால் அந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை என்று வளர்ந்தவர் போலும். வந்த வாரத்திலேயே நிலுவைக் கோப்புகளை எல்லாம் மேஜைமேல் அடுக்கிவிட்டார். அரசு அலுவலகத்தில் ஒருவர் கடமையைச் செய்கிறார் என்று கேட்டு நான் பயந்தது அதுதான் முதல் தடவை. அந்தமான் அன்றைக்குத்தான் மலையேறினார்.

நான் மலையேறவில்லை. முழங்கால் வலி. கீழே இருந்தபடி ஒரு வழி யோசித்தேன். மனுவோடு கூடுதல் இணைப்பு வந்தால் அதை முழுவதும் பரிசீலித்து, பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் இட்டபின்தான் முடிவெடுக்க முடியும்.

"உன் ஆஜர் புத்தகத்தைக் கொடு" என்றேன்.

அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது போச்சின்னா எதுல சார் ஆஜர் போடறது?"

"புத்தகம் வேண்டுமா, குஞ்சு வேண்டுமா?"

கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அட்டையைத் துண்டால் துடைத்தார். மறுநாளிலிருந்து கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

புத்தகத்தைச் சமர்ப்பிக்க நானே போனேன். அந்தப் பெண் பிரித்து ஒரு பக்கம் பார்த்தார். இன்னொரு பக்கம் பார்த்தார். "சார், இது முழுக்க நான் படிக்கணுமா?" என்றார்.

"விதி அப்படித்தான் அம்மா" என்றேன், மிகுந்த வருத்தத்தோடு.

"வக்கான்னா நைட்ல கத்துமே, அதுவா சார்?"

"அதுதான்."

"பரவால்ல, படிக்கறன்" என்றார். குரலில் ஆர்வம் தெரிந்தது. எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

ஆனி முழுவதும் படித்தார். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த சேற்றில் நடந்து தீவுக்குப் போய்வந்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். அந்தமானிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: "கடம்பு எது?" ஆனி கடைசியில் ஏழாம் எண் கூட்டின் இரண்டு குஞ்சுகளும் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, பழவேற்காட்டுப் பக்கமாகப் போயின. பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில், 'ஏழு: பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர்' என்று எழுதினார் அந்தமான். அந்த வாசகத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவர் வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஜலதோஷம் என்றார். பதிவேட்டில் அப்படியே ஏற்கப்பட்டது.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரெல்லாம் பூக்காவடி. அந்தமான் மலைமேல் போய் முடியைக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலை தபாலில் பதில் வரும் என்று எனக்கு ஒரு தகவல் கிடைத்திருந்ததால், நடக்கப் போகாமல் வீட்டு வாசலிலேயே நின்றேன். வந்தது. மனுதாரரின் முகவரியாக என் வீட்டு முகவரிதான் கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டே பத்தி. ஒன்று: ஆடி முதல் வாரம் நடந்த நேரடி ஆய்வின்போது கூடுகள் காலியாக இருந்ததால் வெட்டுவதை ஒத்திவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு: இணைப்புப் பதிவேட்டைக் களத்தோடு ஒப்பிட்டதில், தீவில் ஒரு சீமைக் கருவேலம்கூட இல்லை என்று தெரியவருவதால், தீவு மரங்கள் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. இணைப்பு திருப்பி அனுப்பப்படுகிறது.

நான் கேட்ட சந்தேகத்துக்கு மட்டும் பதில் இல்லை. தகுந்த அதிகாரி யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

புத்தகத்தைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் அந்தப் பெண்ணின் நீல மைச் சுருக்கொப்பம். கூடுகளின் வரிசை முடிந்த இடத்தில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இன்னொரு வரி இருந்தது. கூட்டின் எண் இல்லை. பணியிடம்: கரை. பெயர்: சார். நேரே, நான் நடக்க வந்த முதல் நாளிலிருந்து, ஒரு நாள் விடாமல், ஆஜர், ஆஜர், ஆஜர்.

சாயங்காலம் கரைக்குப் போனேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார். பதிலைப் படித்துச் சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டார். புத்தகத்தை வாங்கி, பத்திரிகைகளில் இருந்ததை எல்லாம் அதில் ஏற்ற ஆரம்பித்தார். என் வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"காலீல வரல நீங்க."

"உன் பதிலுக்காகத்தான் வீட்டில் நின்றேன் ஐயா."

"சொல்லிட்டுப் போவணும்ல சார்? எங்க பூட்டீங்களோன்னு இங்கியே பாத்துக்கினு உக்காந்திருந்தன்."

விளக்கத்தை ஏற்காமலே எழுதிவிட்டார். நானும் மேல்முறையீடு செய்யவில்லை. இன்றுவரை அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரே ஓர் ஆப்சென்ட்தான்: ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், பதில் வந்த தேதி.