நொடி மிச்சம் பிடிப்பவர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்களும் உண்டு. இவர்களுக்கு நடுவே, அடுத்தவர் வேலையை வேகமாக்கவென்றே பிறந்த ஓர் இனம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கையில் டேப்லெட், கழுத்தில் ஸ்டாப் வாட்ச், முகத்தில் யாரோ நேரத்தைத் திருடிக்கொண்டு போன கவலை.

கரமனை ஸ்ரீகண்டன் இந்த இனத்தில் முதல்தரம். பல் தேய்த்துக்கொண்டே ஷூ மாட்டுவார், செய்தி கேட்டுக்கொண்டே இட்லி விழுங்குவார், விழுங்கியது இட்லியா இடியாப்பமா என்று மனைவி கேட்டால் விழிப்பார். மிச்சமான நேரத்தை என்ன செய்வார்? இன்னும் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று யோசிப்பார்!

ஆரியசாலை மசாலா வியாபாரி அழகியநம்பி, தம் பாக்கிங் கூடத்தைச் சீராக்க இவரைக் கூட்டிவந்தார். "சாரே, இங்க ஒரு ஆளு கூடுதலாட்டு நிக்கி. யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிப்போடும்."

ஸ்ரீகண்டனுக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது. மிளகாய்த்தூள் நெடியில் தும்மித் தும்மி, யார் எத்தனை நொடியில் பொட்டலம் ஒட்டுகிறார்கள், யார் எத்தனை தடவை கொட்டாவி விடுகிறார்கள், யார் தண்ணீர் குடிக்கப் போய் ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுதினார். எல்லாரிலும் மெதுவென்று பொன்னம்மையின் பெயர் டேப்லெட்டில் சிவப்பானது. முழங்கால் வலிக்காரி, பதினெட்டு வருஷமாக அங்கே வேலை. அந்தச் சம்பளத்தில்தான் மகள் நர்சிங் படிக்கிறாள். இது போனால் படிப்பும் போச்சு. பாவம், அந்தச் சிவப்பை அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள். ஆனால் வாய் அடங்கவில்லை.

"சாரே, உள்ள நிக்க எல்லாரையும் எழுதணுமோ?"

"ஒருத்தரை விட்டாலும் டேட்டா தப்பாயிடும். அதான் முறை, கேட்டேளா."

"அப்பம் சாருக்க பேரு எங்க?"

முறை என்றால் முறை! ஸ்ரீகண்டன் நேர்மையானவர், அதைச் சொல்லியே ஆகவேண்டும். தம் பெயரையும் எழுதினார். ஒட்டிய பொட்டலம்: பூஜ்யம். நின்ற நேரம்: ஏழேகால் மணி.

மாலையில் அழகியநம்பி பட்டியலை அடியிலிருந்து படித்தார். "நல்லாட்டு கண்டுபிடிச்சீரு! அடுத்தவன் வேலை செய்யதப் பாத்து நின்னு நோக்குகூலி வாங்குத வழக்கத்த சர்க்காரே நிறுத்தியாச்சு. நாளைக்கு வரண்டாம், கேட்டீரா?"

பொன்னம்மை அடுத்த பொட்டலத்தை எடுத்தாள். ஸ்ரீகண்டனுக்கு வருத்தமா? கொஞ்சம். பட்டியல் பிசகாமல் வேலை செய்துவிட்டதே என்ற சந்தோஷம் அதைவிடக் கூடுதல்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்றுக் காலை அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, "ரெண்டு கல்லு போட்டா சீக்கிரம் முடியுமே" என்று தோசை சுட்டவருக்கு யோசனை சொன்னது யார்? இன்றும் அங்கே போய் நின்றால் கரண்டி உங்கள் கைக்கு வரும்; தோசை வராது.