வாஷிங் மெஷினும் நாலாயிரத்து நானூறு ரூபாய்த் தள்ளுபடியும்

பாக்கியைக் கட்டும்போது கடைக்காரர் "ஐம்பது ரூபாயை விடுங்க" என்றால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வதா, பயந்து ஓடுவதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பி.காம். முதல் வகுப்பு. (இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ?)

எங்களுக்குத் திருத்தங்கல். கணவர் ஜெபராஜ் லோடு ஆட்டோவில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிறவர். அவருக்கு வர வேண்டிய வாடகையில் பெரும்பகுதி தீபாவளிக்குத்தான் மொத்தமாக வரும். அதுவரை மளிகைக்கடையில் பாக்கி, தையல்கடையில் பாக்கி. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் பணத்தோடு போய் நின்றால், கடைக்காரர் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு, கையில் ஒரு காலண்டரும் கொடுப்பார். தள்ளாமல் விட்டால்தான் நமக்கு மரியாதைக் குறைவு.

மகள் பிறந்ததும் துணி துவைத்து மாளவில்லை. என் பெயரில் கடன் போட்டு, தவணைக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினோம். ஜூன் மாதம் கையில் காசு வறண்டது. தவணை கட்ட வழியில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போனேன்.

"சார், தீபாவளிக்கு மொத்தமா கட்டிருதோம்."

"பாப்போம்க்கா" என்றார் ஆபீசர்.

எங்கள் ஊரில் இதற்குப் பெயர் ஒப்பந்தம். நான் நிம்மதியாகத் திரும்பினேன். மாதாமாதம் போய், "ஞாபகம் இருக்குல்ல சார்?" என்று கேட்டுவிட்டும் வந்தேன். (கடனைக் கட்டாமல் இவ்வளவு பொறுப்பாக இருந்தவள் நான் ஒருத்திதான்.)

தீபாவளி வந்தது. ஐந்து மாதத் தவணை, மீதித் தவணை, அபராதம் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரத்து நானூறு. முழுப் பணமும் என் பையில் இருந்தது. கூடவே ஆபீசருக்கென்று அரைக்கிலோ மிக்சர் பாக்கெட்டும்.

"எம்புட்டு தள்ளுவீக?" என்றேன்.

"முழுசா கட்டிருங்கக்கா. அதுதான் உங்களுக்கு நல்லது."

"தீபாவளி அதுவுமா வெறுங்கையோடவா அனுப்புவீக?"

அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நான் மூன்று முறை கேட்டேன். கடைசியில் பெரிய ஆபீசுக்கு போன் போட்டுப் பேசிவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"பதினெட்டாயிரம் கட்டுங்க. இதப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

"பி.காம். சார்" என்று சொல்லிப் படிக்காமலே போட்டேன். வீட்டுக்கு வந்ததும், ரசீதைக் கையில் பிடித்தபடி வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம், எங்கள் இரண்டு சென்ட் மனையில் வீடு கட்டக் கடன் கேட்டு விருதுநகருக்கு ஒரு வங்கிக்குப் போனோம். கடன் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் செங்கல்கூட இறக்கியாகிவிட்டது. மேனேஜர் என் கடன் வரலாற்றைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"இந்த வாஷிங் மெஷின் கடன் என்னம்மா ஆச்சு?"

"முடிச்சாச்சு சார். அதுவும் நாலாயிரத்து நானூறு குறைச்சு!" என்று போனை எடுத்து அந்தப் போட்டோவையும் காட்டினேன்.

மேனேஜர் போட்டோவைப் பார்த்தார். பிறகு ஜெபராஜைப் பார்த்தார், பரிதாபமாக.

"முழுசாக் கட்டியிருந்தா கணக்கு முடிஞ்சதுன்னு போட்டிருப்பாக. குறைச்சுக் கட்டினதால, பாக்கிய வாங்க முடியாம விட்டுக்கொடுத்தோம்னு போட்டிருக்காக. அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம் தவணை கட்டலைன்னு வேற தனித்தனியா இருக்கு."

"தீபாவளிக்குத் தாரோம்னு சொல்லியிருந்தேனே சார்!"

"யார்ட்ட?"

"ஆபீசர்ட்ட."

"கம்ப்யூட்டர்ட்ட சொன்னீகளா?"

கடன் கிடையாது என்றுவிட்டார். திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஜெபராஜ், "அந்த மிக்சரையாவது திருப்பி வாங்கியிருக்கலாம்" என்றார்.

மறுநாளே ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஓடினேன். "சார், அந்த நாலாயிரத்து நானூற வாங்கிக்கோங்க."

"குடுத்த தள்ளுபடியத் திருப்பிக் கட்ட வந்த ஆள இப்பத்தான்க்கா பாக்கேன்" என்று ஆபீசர் எழுந்தே நின்றுவிட்டார்.

நான்கு முறை நடந்து, பணத்தைக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, வரலாற்றிலும் கணக்கு முடிந்ததாக மாற்ற வைத்தேன். ஆனால் கட்டாத அந்த ஐந்து மாதங்கள் அழியவில்லை. உண்மையிலேயே கட்டவில்லையே, எப்படி அழியும்? இன்னும் சில வருடங்களுக்கு அவை அங்கேதான் இருக்குமாம். "ஒரு வருசம் சின்னக் கடன் எதையாவது தேதி தவறாமக் கட்டிட்டு வாங்க" என்றார் மேனேஜர். ஒரு மிக்சி வாங்கினேன். தவணைக்கு மூன்று நாள் முன்பே கணக்கில் பணம் போட்டுவிட்டு, இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன்.

வீட்டில் என் மானம் போனது போனதுதான். காய்க்காரர் கொசுறாகக் கொத்தமல்லி போட்டால், "வேண்டாம்யா, எங்க மருமக ரெக்கார்டுல ஏறிரும்" என்கிறார் அத்தை. செங்கல் குவியல்மேல் கடை வைத்து விளையாடும் என் மகளோ, "முழுசாக் கட்டுங்க, தள்ள மாட்டோம்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மிரட்டுகிறாள்.

அடுத்த மாதத்தோடு மிக்சித் தவணை முடிகிறது. மறுபடியும் அதே மேனேஜர் முன்னால் உட்கார வேண்டும். அவருக்குத் தெரிந்ததுதான் என்றாலும், அந்த ஐந்து மாதக் கதையை நாமே முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்கிறார் அத்தை. "நீ வாயத் தொறந்தா செங்கலும் போயிரும்" என்கிறார் ஜெபராஜ். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்: நான் பேசட்டுமா, சும்மா இருக்கட்டுமா? அப்படியே இன்னொன்றும். மிக்சிக் கடைக்காரர் கடைசித் தவணையில் நூறு ரூபாய் தள்ளுவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது?