மகனுக்கு மகரக்கட்டு உடைந்தது

முதலில் வம்பை ஆரம்பித்தவன் உக்கிரபாண்டியின் மச்சினன் அழகுபாண்டிதான். காதுகுத்து அன்று, தாய்மாமன் என்ற முறையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பந்தியே கேட்கச் சொன்னான்: "நல்லவேளை, மருமகன்கிட்ட மச்சான் சாயல் ஒரு பொட்டுகூட இல்ல. மூக்கு, முழி அம்புட்டும் எங்க வழி."

அன்றோடு உக்கிரபாண்டி அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வந்து மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஆனால் பிள்ளை வளர வளர அவன் சொன்னதே பலிப்பது போலிருந்தது. தவழ்ந்தது மாமன் மாதிரி. பல் முளைத்ததும் மாமன் மாதிரி. சிம்மக்கல் கடையில் வாழைத்தார் இறக்கும்போதும் இதே நினைப்பு. நம்ம பங்குக்கு ஒண்ணுமே இல்லையா? காதில் இருக்கிற ஓட்டைகூட அவன் மடியில் போட்டதுதானே.

பதினாலு வயதில் பையன் முத்துக்குமரனுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் மாற ஆரம்பித்தது. காலையில் தவில், சாயங்காலம் நாயனம். அழகுபாண்டிக்கோ கீச்சுக் குரல். பையன் குரல் எதில் போய் நிற்குமோ என்று உக்கிரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

தவிலில் நின்றது. பையன் கடைக்குப் போன் போட்டு, "லோடு வந்துச்சா?" என்று கேட்டதற்கு, கடையாள் "வந்துருச்சு முதலாளி" என்றானாம்.

"கனகு, இவன் குரல் யாரு குரல்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்க குரலேதான். அதான் இப்பல்லாம் அவன் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாக்குறதில்ல."

"உன் தம்பிய இந்தக் குரலக் கேக்க வையி. கேட்டுட்டு அவன் இங்க வரணும்."

"வர வைக்கிறேன். நீங்க கடைக்குக் கிளம்புங்க."

கனகலட்சுமி எதற்கும் இப்படி உடனே ஒத்துக்கொண்டவள் இல்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அழகுபாண்டி கோரிப்பாளையத்திலிருந்து ஆட்டுக்கறியோடு வந்து இறங்கினான். கண் கலங்கியிருந்தது. மன்னிப்பை வாங்கிக்கொள்ள உக்கிரபாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மச்சான், உங்களுக்குப் பெரிய மனசு."

"எதுக்கு?"

"நீங்களே போன் போட்டு, 'மாப்ள, தப்பு என் மேலதான், மனசுல வச்சுக்காத'ன்னு சொல்லிட்டீங்களே. நானும் உங்கள மன்னிச்சுட்டேன்."

உக்கிரபாண்டி மனைவியைப் பார்த்தார். அவள் மும்முரமாகக் கறியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது நானில்ல. இந்தா நிக்கிறானே, இவன். என் குரல்தான் இவனுக்கு வந்திருக்கு."

"கூச்சப்படாதீங்க மச்சான். எங்க வழிப் பிள்ளைக்கு உங்க குரல் எப்படி வரும்?"

"டேய், மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசுடா."

பையன் அம்மாவைப் பார்த்தான். விருந்தாளி முன்னால் வாயைத் திறப்பதே பாவம் என்கிற வயசு வேறு. தோளைக் குலுக்கிவிட்டு, செல்போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அழகுபாண்டி பூரித்துப்போனான். "பாத்தீங்களா மச்சான்? இந்த அடக்கம் அப்படியே எங்க வழி."

உக்கிரபாண்டிக்கு வரவேண்டிய மன்னிப்பு இப்போது இரண்டு.